கண்ணம்மாளின் வீங்கிய கால்

ஆம்பூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நோயாளிகளுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வேலை சவுரியம்மாளுடையது. தோல் பதனிடும் ஷாப்பில் நாள் முழுக்கக் குனிந்து தோல் சுரண்டித் தோள் இறுகியவர்கள், வாதம் அடித்துக் கை விழுந்தவர்கள், எலும்பு ஒட்டியும் முட்டி மடங்காதவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள். 1931ஆம் வருஷம் சென்னையில் படித்துவிட்டுப் பங்கஜம் அதே வேலைக்கு வந்து சேர்ந்தாள். இருபத்துமூன்று வயசு. எண்ணெய்க்குப் பதில் பவுடர் போட்டாள். கை எவ்வளவு உயர்ந்தது, முட்டி எவ்வளவு மடங்கியது என்று தினமும் சீட்டில் எழுதினாள். சவுரியம்மாளுக்கு எழுதத் தெரியாது.

டாக்டரம்மா இப்போதெல்லாம் பங்கஜத்திடமே விவரம் கேட்டார். ஆதிகேசவன் என்ற தோல் ஷாப் மேஸ்திரி, ஆறு மாசமாகத் தூக்க முடியாத கையைப் பங்கஜத்திடம் வந்த மூன்றாம் வாரம் தலைக்குமேல் தூக்கிக் காட்டிச் சிரித்தான். சவுரியம்மாளுக்கு வயிறு எரிந்தது. அந்த ஆறு மாசமும் உருவி உருவித் தோளை இளக்கி வைத்தது தான்தான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் குடியாத்தம் நெசவுக்காரர் கோதண்டபாணியின் மனைவி கண்ணம்மாளுக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவமான பத்தாம் நாள் இடது கால் வீங்கிவிட்டது. வலியில் அழுதாள். டாக்டரம்மா வேலூர் போயிருந்தார். அவர் வந்து பார்க்காமல் காலைத் தொடமாட்டேன் என்று பங்கஜம் மறுத்துவிட்டாள். கோதண்டபாணி நேரே சவுரியம்மாளிடம் வந்தார்.

"அந்தப் பொண்ணு தொடவே பயப்படுது. உங்க கைதாம்மா வேணும்."

பல மாசத்து எரிச்சல் அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே பங்கஜத்தின் எதிரில் நடந்து போனாள். வேண்டாம் அக்கா என்று பங்கஜம் பின்னாலேயே வந்தாள். சவுரியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து கெண்டைக்காலில் உள்ளங்கையை வைத்தாள். கொதித்தது. வலது காலைத் தொட்டாள். அது சாதாரணமாக இருந்தது. மறுபடி இடது காலை மெல்லத் தடவினாள். தோலுக்கு அடியில் கயிறுபோல ஒன்று தடித்துக் கிடந்தது. நாலு வருஷத்துக்கு முன் இப்படி வீங்கிய காலை வீட்டிலேயே உருவிவிட்டு ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். மூச்சு முட்டி வராந்தாவிலேயே செத்துப்போனாள். காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று டாக்டரம்மா அன்று சொன்னார்.

பாதத்தை மட்டும் ரெண்டு தரம் நீவினால் போதும், பேர் தனக்கு வந்துவிடும் என்று மனசு சொன்னது. வாசலில் பங்கஜம் நின்றிருந்தாள். சவுரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இத உருவக்கூடாதுங்க."

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது?" என்றார் கோதண்டபாணி.

சவுரியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "அது சொன்னதுதான் சரி."

காலுக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தி, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று கண்ணம்மாளிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். சாயங்காலம் வந்த டாக்டரம்மாவும் அதையே சொன்னார். அக்கா உறுதியாகச் சொன்னதால்தான் அவர்கள் கேட்டார்கள் என்று பங்கஜம் அவரிடம் எடுத்துச் சொன்னாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வெறுப்பதாவது சவுரியம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறு வாரம் கழித்துக் கண்ணம்மாள் நடந்தே வண்டி ஏறினாள். கோதண்டபாணி முதலில் பங்கஜத்தைத்தான் கும்பிட்டார். மறுநாள் வாதம் வந்து ஒரு ரயில்வே ஆள் சேர்ந்தபோது, சவுரியம்மாள் டாக்டரம்மாவிடம் போய், இவரை முழுக்க என்னிடமே விடுங்கள், வேறு யார் கையும் படவேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.