நீதிபதி கிரேஸின் நைனா

என் மனைவி கிரேஸ் நீதிபதி. நான் கும்மிடிப்பூண்டியில் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவன். ஊரில் எனக்கு ‘ஜட்ஜம்மா ஊட்டுக்காரர்’ என்றுதான் பெயர். யேசுதாஸ் என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடம்பத்தூரில் கழனிக்கூலி வேலை செய்தவரின் மகள் அவள். சட்டம் படித்த நாளில் ரயிலில் நின்றுகொண்டே படிப்பாள். அப்போது அம்பத்தூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், தினமும் துண்டு போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். “இன்னாயா, எனக்கே சீட்டு போட்டுகினு வர, வேற வேல இல்லியா?” என்று கேட்டாள். அந்தப் பேச்சில் விழுந்தவன்தான்.

முன்சீப் ஆன பிறகு ஊர் ஊராக மாற்றல். தெற்கே இருந்தபோது, பகலெல்லாம் கோர்ட்டில் பொதுத் தமிழ் பேசிவிட்டு, சாயங்காலம் வந்ததும் போனில் நம்ம பேச்சைக் கொட்டித் தீர்ப்பாள். இங்கே வீட்டில் நான் கேட்டுக்கொண்டே சோறு வடிப்பேன். எத்தனை நல்ல சாயங்காலங்கள் அவை. இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

வேலையில் கடைசிக் காலம் என்று மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு திருவள்ளூருக்கு வந்தாள். வந்த இடத்தில் வந்தது வினை. நீதிபதிகளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கண்டம் உண்டு. அறுபது வரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலே ஹைகோர்ட்டில் கூடி முடிவு செய்வார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு விபத்து வழக்கு. மகனைக் கம்பெனி பஸ்ஸில் பறிகொடுத்த தேசப்பன் என்ற பெரியவர் கூண்டில் நின்று நடுங்கியிருக்கிறார். இவள், “நைனா, தண்ணி குடி. பயப்படாத. இன்னா நடந்துச்சோ அதச் சொல்லு,” என்றிருக்கிறாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பக்கத்துக்குப் புதியவர். நைனா என்றால் அப்பா என்று யாரோ சொல்லக் கேட்டு, நீதிபதி சாட்சியின் மகள் என்று மனுவே போட்டுவிட்டார் அந்த மேதை. இங்கே ஆட்டோக்காரருக்குக்கூட நைனாதான்.

மேலே கூப்பிட்டு, தேசப்பன் உனக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். “உறவு இல்லைங்க. எங்கள் ஊர்ப்பக்கம் வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்,” என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வாரம் இருவருக்கும் தூக்கமில்லை.

உத்தரவு வந்தது. அறுபது வரை வேலை உண்டு. கோர்ட்டில் மட்டும் பொதுத் தமிழ் பேசுங்கள் என்று ஒரு பெரியவர் நல்லவிதமாகச் சொன்னாராம். நான் கேசரி கிண்டினேன்.

அன்றிலிருந்து வீட்டிலும் அதே தமிழ்தான். “சாப்பிட்டீர்களா? மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா?” நேற்று எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் இன்னா சாட்சியா? ஒழுங்கா பேசேன்,” என்று கத்திவிட்டேன்.

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

“முன்னல்லாம் படியேறுனா கோர்ட்டுப் பேச்சு, எறங்குனா நம்ம பேச்சு. இப்ப வயசாயிடுச்சுயா. ஊட்ல அப்டி வாயத் தொறந்தா கோர்ட்லயும் அதான் வந்துடுது. மூடி வச்சாத்தான் ரெண்டு வருசம் ஓடும்.”

அந்த இரண்டு வருஷத்தைக் கேட்டு மாதா கோயிலில் முட்டி போட்டவன் நான்தான்.