லிந்திவேயின் மணியாடை

கத்தரிக்கோல் ஒரேயொரு தடவைதான் கடித்தது. மணிகள் கொட்டத் தொடங்கிவிட்டன.

சந்திரமதி குளியலறைத் தரையில் குந்தியிருந்தாள். வெள்ளையும் நீலமும் பச்சையுமாக வரிவரியாய்க் கழன்று ஓடின. கையால் தடுத்தாள். விரலிடுக்கால் வழிந்தன.

மருமகளாக வரப்போகும் லிந்திவேக்குத் தென்னாபிரிக்காவிலிருந்து தாய் தைத்து அனுப்பிய கல்யாண முன்னாடை அது. கூறைச் சேலைக்கு மேலே இடுப்பில் கட்டப்போகிறாளாம். கட்டட்டுமே! ஆனால் நேற்றுத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பின்பக்கம் ஆட்டுத்தோல். தோல் பையைக்கூடக் காரில் வைத்துவிட்டுத் திரிம்பாக் ஊர்க் கோயிலுக்குள் போகிறவள் சந்திரமதி. மணவறையில் தோலைப் பார்த்தால் சனம் சும்மா விடுமா? தோலை உரித்து எறிந்துவிட்டு, மணித்துணியைப் பட்டில் வைத்துத் தைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

துணி என்று ஒன்று இருந்தால்தானே! மணிகள் நேரே தோலில் குத்தித் தைக்கப்பட்டிருந்தன.

ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிற ஊசியை எடுத்தாள். மணித்துளைக்குள் அது நுழையவே மறுத்தது. அழுத்தியதில் இன்னொரு வரியும் போனது.

"அம்மா! வாசலில வான் வந்து நிக்குது!" மகன் பானுஜன் கதவைத் தட்டினான்.

"நீ முதல்ல போ தம்பி. மாப்பிளை பிந்தக்கூடாது."

"அவளின்ர உடுப்பு உங்களிட்டையாம். கேக்கிறாள்."

"அயன் பண்ணுறன்!"

"பாத்ரூமுக்கையோ?"

கதவு திறந்தது. பானுஜனுக்குப் பின்னால் கூறையோடு லிந்திவே.

"ஐயோ அம்மா, என்ன வேலை பாத்தனீங்கள்!"

சந்திரமதி தனக்குத் தெரிந்த கொஞ்ச டொச் மொழியில் சொன்னாள். "கோயில்... தோல்... கூடாது."

"என்னிடம் கேட்டிருக்கலாமே, மாமி?" லிந்திவே டொச்சில் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

கேட்டால், கோயிலே வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயம். அதை எப்படிச் சொல்ல?

லிந்திவேயின் கையில் தொலைபேசி அலறியது. வீசா கிடைக்காத தாய், வீடியோவில் கல்யாணம் பார்க்கக் கழுத்து நிறைய மணிகளோடு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்களே காட்டுங்கள்." லிந்திவே தொலைபேசியை மாமியின் பக்கம் திருப்பினாள்.

சந்திரமதி தோலை இரு கையாலும் தூக்கினாள். மிச்ச மணிகளும் சிந்தின. அந்தச் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. தாய் அழவில்லை. ஏன் என்று கேட்டாள். லிந்திவே கோயிலைப் பற்றிச் சொன்னாள். பிறகு தாய் மெல்லப் பேசினாள்.

"என்னவாம், பிள்ளை?"

"இதைக் கட்டாமல் நான் மனைவியாகக் கூடாதாம். நீங்கள் மணிகளைப் பொறுக்க வேண்டுமாம். நான் தைக்க வேண்டுமாம். பிறகு, இந்தத் தோலோடு என்னை எந்த வாசல் உள்ளே விடுகிறதோ, அங்கேதான் கல்யாணமாம்."

"முகூர்த்தம் போகுதே! சனம் முழுக்க வந்திட்டுது! உன்ர காலில விழுறன், பிள்ளை..."

விழுந்தேவிட்டாள். முழங்காலில் மணிகள் குத்தின. லிந்திவே கூறையைத் தூக்கிப் பிடித்து, ஒரு மணியும் மிதிபடாமல் பின்னால் நகர்ந்தாள்.

"தம்பி, நீயாவது சொல்லன்!"

பானுஜன் தலைப்பாகையைக் கழற்றிக் கைகழுவும் தொட்டியில் வைத்தான்.

"பொறுக்குங்கோ அம்மா. நான் வானை அனுப்பிப்போட்டு வாறன்."