நானாத்தான் போட்டேன்

கிருபாசங்கர் என்னைத் தேடித் துடியலூருக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம். நான் கூலிக்கு இருந்த பண்ணாடி வீட்டுப் பிள்ளை காரணமில்லாமல் நம் வாசலை மிதிக்குமா?

நவீன நாடகம் போடுகிறானாம். கதை என் கதை. பதினெட்டு வருசத்துக்கு முன்னால், அவன் அப்பா தம்பிதுரையின் சோளக்காட்டில், காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பிவேலியில் கரண்டு பாய்ந்து ஊர்க்காரன் சின்னான் செத்தான். சுவிட்சைப் போட்டவன் நான். போடச் சொன்னவர் பண்ணாடி. "நானாத்தான் போட்டேன், யாரும் சொல்லலை" என்று போலீசில் சொல்ல வைத்தவரும் அவர்தான். சொன்னேன். மூன்று வருசம் உள்ளே கிடந்தேன்.

"அந்த ஒரு வரிதானுங்க நாடகமே, மாசாணண்ணா. மனுசன் முழுச் சுதந்திரமானவன். செஞ்சதுக்கு அவனேதான் பொறுப்பு. நீங்களே நடிச்சா உசுரு இருக்கும்."

"போடச் சொன்ன ஆளு நாடகத்துல வரலீங்களா?"

"வேண்டாங்ணா. வந்தா கதை சின்னதாயிரும்."

அப்பனுக்கு நான் டேய், மகனுக்கு அண்ணா. சொல்லச் சொன்னது மட்டும் அதே வரி.

ஒத்துக்கொண்டேன். சின்னான் பெண்சாதி பொன்னாத்தாளை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னேன். அவன் செத்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அவளுக்கு உண்மை தெரிந்தால் போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடையேறினேன். என் வரி வந்தது.

"தம்பிதுரைப் பண்ணாடிதான் போடச் சொன்னாரு. பொய் சொல்லச் சொன்னதும் அவருதான்."

கைதட்டினார்கள். உள்ளே வந்ததும் கிருபாசங்கர் முகம் வெளுத்திருந்தது. அப்புறம் சிரித்தான்.

"இதுவும் நல்லாத்தான் இருக்குதுங்ணா. பேரை மட்டும் எடுத்துப்போட்டு நாளைக்கும் சொல்லிருங்க."

வெளியே பொன்னாத்தாள் நின்றிருந்தாள்.

"கேட்டயா அம்மணி?"

"கேட்டனுங்க. தெனம் அந்தக் காட்டு வழியாத்தான் எங்க ஊட்டுக்காரரு வருவாரு. உங்களுக்குத் தெரியுமல்லோ?"

"தெரியும்."

"வேலியில கரண்டு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரமாவும்?"

"வெளிய சொல்லாதேன்னு பண்ணாடி…"

"அதுக்கும் பண்ணாடியா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

திரும்ப உள்ளே போனேன். "நாளைக்குப் பேரை எடுக்கமாட்டனுங்க. இன்னொரு வரியும் இருக்குது. சின்னான்கிட்டச் சொல்லாம உட்டது நானாத்தான்."

கிருபாசங்கர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்ப நாங்க வேற ஆளைப் பாத்துக்கறமுங்க."