மூன்று நிமிடம் மோட்டார் நிற்கட்டும்

மோட்டார் ரூமில் இருந்த ஒரே நாற்காலியைக் கன்னியப்பன் துண்டால் தட்டிப் போட்டார்.

"உக்காரு நர்சம்மா. நம்ம பெருநகர் ஊர்லயே இங்கதான் டவர் ஃபுல்லா கீது. ஆனா ஒண்ணு, த்ரீ பேஸ் கரண்டு மூணு மணிக்குப் பூடும். நடவு ஓடிக்கினு கீது, தண்ணி நிக்கக் கூடாது."

"நான் கையத் தூக்கும்போது மட்டும் ஆஃப் பண்ணுங்க சார். மூணு நிமிஷம் போதும்."

ஜெனிஃபர் உட்கார்ந்தாள். ஆறு வருடத்துக்கு முன்பு அவளும் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டாள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிறகு சார் என்று வந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே நர்சம்மா என்று மாற்றிக்கொண்டார். இருபது வருடமாக அவருடைய கழனியில் வேலை செய்யும் அவள் அம்மா அம்முலு இந்த ரூமின் வாசற்படி வரைக்கும்தான் வந்திருக்கிறாள். போனை ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் திறந்த கதவு வழியாக அம்மா தெரிந்தாள். ஆறு பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அம்மா. சேற்றுத் தண்ணீரில் ஆறு பேரும் தலைகீழாகவும் தெரிந்தார்கள்.

இயர்போன் வழியாகக் காதுக்குள் ஜெனீவா பேசிக்கொண்டிருந்தது. அங்கே காலை பத்து மணி. பல நாட்டுப் பிரதிநிதிகள் நீளமான மேஜைகளில் உட்கார்ந்து ஒரு விதிமுறையை வரி வரியாக அலசிக்கொண்டிருந்தார்கள். சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுத்துச் சிதைக்கும் வழக்கத்தை ஒழிப்பதற்கான விதிமுறை. முன்பு குடிசைக்குள் பிளேடால் நடந்தது இப்போது பல இடங்களில் கிளினிக்குக்குள், கையுறை போட்டுக்கொண்டு, மரத்துப்போக வைக்கும் ஊசியுடன் நடக்கிறது. செய்ய மறுக்கும் டாக்டருக்கும் நர்சுக்கும் வேலைப் பாதுகாப்பு வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. சில நாடுகள் அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்த வரிக்காகத்தான் ஜெனிஃபரைக் கூப்பிட்டிருந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுக நகரத்தின் தனியார் கிளினிக்கில் ஆறு வருடம் நர்ஸ். ஒரு சிறுமியை அறுக்கக் கொண்டுவந்தபோது துணைக்கு நிற்க மாட்டேன் என்று மறுத்து, அதனால் வேலை இழந்தவள். அவள் பெயரைக் கொடுத்த தொண்டு நிறுவனத்தின் மேரி நேற்றுப் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "நீங்க மறுத்தத மட்டும் சொல்லுங்க ஜெனி. அதுக்கு முன்னாடி நடந்தத யாரும் கேக்கப் போறதில்ல. அடுத்த மாசம் உங்களுக்கு அயர்லாந்துல வேலை. அதச் சொல்லி நர்ஸ் லைசென்ஸ் போயிடுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அதற்கு முன்னால் நடந்தது மேரியைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை மகள் அங்கே பிரசவம் பார்த்தாள், ஊசி போட்டாள், வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டரைக்கு என்றார்கள். மணி இரண்டு நாற்பதைத் தாண்டியது.

"இன்னாம்மா, இன்னும் உன் டோக்கன் வரலியா?" என்றார் கன்னியப்பன், மோட்டார் சத்தத்துக்கு மேலே. "உத்திரமேரூர் ஆஸ்பத்திரியே பரவால்ல போல கீதே!"

அவள் சிரித்தாள். அப்போது திரையில் ஒரு பிரதிநிதி பேசத் தொடங்கினார். நரைத்த தாடி, மென்மையான குரல், தாத்தாக்கள் கதை சொல்வது போல நிதானம். எங்கள் நாட்டு மருத்துவமனைகளில் இப்படி எதுவும் நடப்பதில்லை, நடக்காத ஒன்றுக்குப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்டார். அவள் வேலை பார்த்த நாட்டின் பெயர்ப்பலகைதான் அவருக்கு முன்னால் இருந்தது. ஜெனிஃபர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நேற்று மேரி திருத்திக் கொடுத்தது. நல்ல ஆங்கிலம். ஒரு இடத்திலும் பிசிறில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கினாள். கன்னியப்பன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் அடங்கி, குழாயில் தண்ணீர் கொடகொடவென்று பின்வாங்கி, கழனியில் வளையல் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி வந்தது.

தாளிலிருந்த முதல் இரண்டு வரியை வாசித்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் மறுத்தது இரண்டாவது முறை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "முதல் முறை மறுக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு எட்டு வயது. மஞ்சள் கவுன். எங்களுக்குக் கொடுக்க மிட்டாய் கொண்டுவந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொள் என்றார் டாக்டர். பிடித்துக்கொண்டேன். மறுத்தால் வேலை போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறுக்கலாம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. இப்படி நடப்பதில்லை என்று இங்கே சொன்னார்கள். நடந்தது. நான் அங்கே இருந்தேன். அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்."

தலைவர் நன்றி சொன்னார், வாக்கெடுப்பு நாளைக்கு என்றார். சிறிய கட்டத்துக்குள் நரைத்த தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஜெனிஃபர் போனை அணைத்துவிட்டுத் திரும்பினாள். வாசற்படிக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு.

"மோட்டாரு நின்னுச்சே, கரண்டு பூட்ச்சோன்னு பாக்க வந்தேன்" என்றாள் அம்முலு.

"கரண்டெல்லாம் கீது. உன் பொண்ணு வெள்ளக்காரனுக்குப் பாடம் எடுத்துக்கினு இருந்தா" என்று கன்னியப்பன் பச்சைப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"இருங்கய்யா."

கன்னியப்பனின் கை அப்படியே நின்றது. அம்முலு தன்னை இரு என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"இன்னா சொன்ன ஜெனி? உன் மூஞ்சி நல்லா இல்லியே."

ஆங்கிலத்தில் அது மூன்று நிமிடம். தமிழில் நாலைந்து வாக்கியத்துக்கு மேல் தேவைப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பொம்பளப் புள்ளைங்கள அங்க அறுத்துடுவாங்கம்மா, கீழ. வழக்கம்னு சொல்லுவாங்க. நான் வேலை செஞ்ச எடத்துலயும் செஞ்சாங்க. ஒரு கொழந்தைய நான் புடிச்சிக்கினேன். கன்னியப்பன் சுவரில் தொங்கிய பழைய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"வேல பூடுமா?"

"பூடலாம்மா."

"அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி?"

"தெரியலம்மா. வூட்டுக்குக் கூட்டிக்கினு பூட்டாங்க."

"எந்தக் கையி?" என்றாள்.

ஜெனிஃபர் வலது கையை நீட்டினாள். அம்மா அதைத் தொடவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். பிறகு, "போடுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தாள்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் போன் அதிர்ந்தது. மேரி. ஜெனிஃபர் அதை எடுக்காமல் வாசலுக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது. மற்ற ஐந்து பெண்களும் நட்டுக்கொண்டே பின்னால் போயிருந்தார்கள். அம்மா நின்ற இடத்தை மட்டும் யாரும் நிரப்பவில்லை. பசுமைக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் தண்ணீர் நீளமாகக் கிடந்தது.

அம்மா அதன் முனையில் போய் நின்றாள். திரும்பிப் பார்க்காமலேயே குரல் கொடுத்தாள்.

"ஜெனி! வரப்பு மேல ஒரு நாத்துக்கட்டு கீது பாரு. எட்துக்கினு வா."

நல்ல சுடிதார். ஜெனிஃபர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். நாற்றுக்கட்டை வலது கையில் தூக்கினாள். வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. சேற்றில் முதல் காலை வைத்தாள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னாலேயே அந்த வெற்றிடத்துக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது.