பெயர் மட்டும் ஜேபிஜி

பூந்தமல்லியில் ஜாகிரின் கேக் கடைக்கு இணையதளம் செய்துகொடுத்தது அவன் மனைவி மெஹக்தான். அம்பத்தூரில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் உட்கார்ந்து எழுதியது. வாடிக்கையாளர்கள் அதில் ஒரு போட்டோவை ஏற்றிவிட்டால் போதும். ஜாகிர் அதைத் தின்னக்கூடிய தாளில் அச்சடித்து கேக்கின் மேல் ஒட்டிக் கொடுப்பான்.

அந்தச் சனிக்கிழமை, கையில் க்ரீமோடு அவளைக் கூப்பிட்டான்.

"மெஹக், இத கொஞ்சம் பாரேன். முத்தாபுதுப்பேட்டை ஆர்டர், சாயங்காலம் குடுக்கணும். போட்டோ தொறக்கவே மாட்டேங்குது."

கோப்பின் பெயர் 'லோகநாயகி', கடைசியில் படங்களுக்கு வரும் ஜேபிஜி. பெயரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு போட்டோ இவ்வளவு கனக்காது. மெஹக் வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தாள். படம் அசைந்தது.

"இது போட்டோவே இல்லங்க. வீடியோ."

"அது எப்டி உள்ள வந்துச்சு? படம் மட்டுந்தான் ஏறும்னு சொன்னியே?"

மெஹக்குக்குக் கன்னம் சூடானது. பெயரின் வாலை மட்டும் பார்த்து உள்ளே விடும்படிதான் எழுதியிருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவே இல்லை. ஆர்டர் கொடுத்தவருக்கு போன் போட்டாள்.

அவர் பெயர் வேலுசாமி. ஈரோட்டுக்காரர், ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லோகநாயகிக்கு அன்று அறுபது முடிகிறது.

"ஆமாங்க அம்மிணி, வீடியோதானுங்க. மொதல்ல வாங்கிக்கல. கடைசில ஜேபிஜின்னு இருக்கோணும்னு சொல்லுச்சு. நானே பேர மாத்திப் போட்டேன், உடனே வாங்கிக்கிச்சு." குரலில் பெருமை வேறு.

"வேற போட்டோ ஒண்ணு அனுப்ப முடியுமா சார்?"

"போட்டோ நெறைய இருக்குதுங்க. ஒண்ணுலயும் சிரிக்க மாட்டா. முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் தூக்கலா இருக்கும், கேமராவப் பாத்ததும் வாய இறுக்கி மூடிக்குவா. இதுல நான் எடுக்கறது அவளுக்குத் தெரியாதுங்க."

"நாங்க பாத்துக்கறோம் சார்" என்று மெஹக் போனை வைத்துவிட்டாள்.

இருவரும் வீடியோவைப் பார்த்தார்கள். மாடியில் துணி காயப்போடும் அம்மாள். காற்று அடிக்கிறது. ஈர லுங்கி பறந்து வந்து அவள் முகத்தில் அப்பிக்கொள்கிறது. அதைப் பிய்த்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பல் தெரியக் கடகடவென்று சிரிக்கிறாள். எடுப்பவரும் சிரிப்பதால் படமே குலுங்குகிறது.

"இன்னாமா சிரிக்கிறாங்க!" என்றான் ஜாகிர். இன்னொரு தடவை போடச் சொன்னான்.

மெஹக் வீடியோவைத் துளித்துளியாக நகர்த்தினாள். எல்லாம் கலங்கல். வேலுசாமி சிரிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு நொடி தெளிவாக நின்றது.

"தோள்ல லுங்கியும் சேந்து வருதுங்க."

"வரட்டும்" என்றான் ஜாகிர்.

சாயங்காலம் இருவரும் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்ததும் லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத எப்பங்க எடுத்தீங்க?" என்று கணவரின் தோளில் ஒரு அடி வைத்தாள். பிறகு மெல்ல முந்தானையை இறக்கிவிட்டு வெகுநேரம் கேக்கையே பார்த்தாள்.

"பல்லு அவ்வளவு மோசமா ஒண்ணும் இல்லியே" என்றாள்.

"முப்பது வருசமா நான் அதத்தானே சொல்றேன்" என்றார் வேலுசாமி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

முகத்தில் கத்தி வைக்க விடவில்லை அவள். லுங்கியைத்தான் முதலில் வெட்டினார்கள்.

மறுநாள் மெஹக் இணையதளத்தில் படம் ஏற்றும் பக்கத்தைத் திருத்தி எழுதினாள். கோப்பின் தொடக்கத்தில் அது இன்ன வகை என்று காட்டும் சில எழுத்துகள் இருக்கும். பெயரை மாற்றினாலும் அவை மாறுவதில்லை. இனி தளம் அவற்றைப் பார்க்க வேண்டும், படமாகத் திறந்தும் பார்க்க வேண்டும். ஜாகிர் ஒரு பாட்டுக்கு ஜேபிஜி என்று பெயர் வைத்து ஏற்றிப் பார்த்தான். தளம் மறுத்தது.

'இது படம் இல்லை. வீடியோவாக இருந்தால் கடைக்கு போன் செய்யுங்கள். அதிலிருந்து ஒரு படம் எடுத்துத் தருகிறோம்.'

"எடுத்துத் தருவோமா? யாரு?"

"நீங்கதான்."

ஜாகிர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டான். "சரி, காட்டு. எங்க அமுக்கணும்?"