அக்கா வண்டியின் உதறல்

அக்காவின் பிக்கப் வண்டி தன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்ற விதத்தைப் பார்த்ததுமே மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிரேக் போட்டதும் வண்டி குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறியது. பின்னால் அடுக்கியிருந்த மரச்சட்டங்கள் கடகடவென்று ஆடி ஓய்ந்தன. அக்கா இறங்கிக் கதவைச் சாத்திய சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும் என்பதுதான் அவனுடைய கவலை. சாலைக்கு அந்தப் பக்கம், இரும்பைக் கடையும் இயந்திரத்தோடு ஒரு லேத்துக்காரர் புதிதாக ஒர்க்‌ஷாப் திறந்திருந்தார். இவன் போர்டைவிட அவர் போர்டு பெரியது. அந்த ஒரு குற்றத்துக்காகவே இவன் அவரோடு பேச்சை முறித்துக்கொண்டிருந்தான். அவரோ பார்க்கும்போதெல்லாம் இவனைத் "தம்பி" என்று கூப்பிட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்.

"இன்னிக்கு ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு போச்சுடா," என்றாள் அக்கா. நிலைக்கண்ணாடி செய்து வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதுதான் அவள் தொழில். "சிக்னல்ல பிரேக்கை மிதிச்சேன், பின்னாடி படார்னு ஒரு சத்தம். பிரேக் பேட் தேஞ்சிருக்குன்னு உன்கிட்ட விட்டேன் பாரு, அன்னிலேருந்து பிடிச்ச ஆட்டம் இது. பேட் மாத்தின, டிஸ்க் மாத்தின, டயரைக்கூட மாத்தின. இனிமே மாத்தறதுன்னா என்னைத்தான் மாத்தணும்."

"உன் கால்தான்க்கா பிரச்சினை. நீ பிரேக்கை மிதிக்கறதில்ல, உதைக்கிற."

"என் காலா? சரி, கடைசியாச் சொல்றேன் கேட்டுக்கோ. இன்னிக்கு இது சரியாகலேன்னா வண்டியை நேரா எதிர்க்கடையில விட்டுடுவேன்."

மெக்கானிக் எதிர்க்கடை போர்டைப் பார்த்தான். கூடப் பிறந்தவளே சாலையைத் தாண்டிப் போய்விட்டால் அப்புறம் எவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பான்? கடையை இழுத்து மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். "வா, நீயே ஓட்டு, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன்," என்றான்.

இதுவரை அவன் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்திருந்தான். அதுவும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இன்று கைக்கு வேலையில்லாததால் கண்ணுக்கு வேலை வந்தது. அக்கா பிரேக்கை மிதித்தாள். அவன் உட்கார்ந்திருந்த சீட் கிடுகிடுவென்று ஆடியது. ஸ்டியரிங் மட்டும் சாதுவாக இருந்தது.

"அக்கா! ஸ்டியரிங் ஆடவே இல்லையே!"

"ஸ்டியரிங் ஆடுதுன்னு நான் எப்போடா சொன்னேன்? இடுப்பு ஆடுதுன்னு சொன்னேன். வயசாகுதுக்கான்னு நீதான் சொன்னே."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஸ்டியரிங் உதறினால் முன்சக்கரம், சீட் உதறினால் பெரும்பாலும் பின்சக்கரம். தொழிலில் முதல் பாடம் அது. ஆள் நடமாட்டமில்லாத சாலைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னான். மெதுவாகப் போகும்போது, அக்காவைக் கால் பிரேக்கைத் தொடவிடாமல், பூட்டிக்கொள்ளாதபடி பட்டனை அழுத்திக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை அவனே லேசாக இழுத்தான். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தோடு சுற்றும் டிரம் என்ற இரும்பு உருளையை மட்டும்தான். வண்டி பழையபடி உதறியது. வழக்கு அங்கேயே முடிந்தது.

திரும்பி வந்து பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைக் கையால் சுற்றினான். அரைச் சுற்று தாராளமாக ஓடியது, அரைச் சுற்று உரசியது. டிரம் வட்டமாக இல்லை. யாரோ சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு ஆறவிட்டிருக்கிறார்கள், எந்த மடையன் அது என்று திட்ட வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் பிரேக்கைப் போட்டுப் போட்டுக் கொதிக்கவைத்தவன் யார்? கொதிக்கும் வண்டியை இந்தச் சரிவான வாசலில் நிறுத்தி, கிணற்றிலிருந்து வாளி இழுப்பது மாதிரி ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டவன் யார்? சூட்டோடு இறுக்கிப் பிடிபட்ட டிரம் ஆறியபோது கோணிப்போயிருந்தது. அவன் சோதிக்கச் சோதிக்க நோய் முற்றிக்கொண்டே வந்திருந்தது.

"ஏன்டா மென்னு முழுங்கற?"

அவன் சொன்னான். அசடு வழியச் சொன்னான். அக்கா அவனைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாகத் திட்டத் தொடங்கி, அவன் பள்ளிக்கூட நாட்களுக்கு வந்தபோது களைத்துப்போய், "சரி, இப்போ என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"டிரம்மை லேத்துல கடையணும்."

"லேத் எங்கே இருக்கு?"

அவன் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

இரண்டு பக்கத்து டிரம்களையும் கழற்றிச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தான். அக்காவும் பின்னாலேயே வந்தாள். லேத்துக்காரர் ஒன்றை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கடைய இடம் இருக்கு, பிழைச்சுக்கும். சூட்டோட ஹேண்ட்பிரேக்கைப் போட்டிருக்காங்க தம்பி. யாரு அந்தப் புண்ணியவான்?"

கடையிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் குனிந்து சாக்கை மடிக்கத் தொடங்கினான்.

"நான்தான்," என்றாள் அக்கா. "எனக்கு அப்படி இழுத்தாத்தான் திருப்தி."

"பார்த்து ஓட்டுங்கம்மா. பாவம், வேலை செய்யறவர் கஷ்டத்தையும் நினைக்கணும் இல்லையா?"

ஒருத்தரிடமும் ஒரு சொல் கேட்டு நிற்காதவள் அவள். "சரிங்க," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரம்களைக் கடைந்து வாங்கி, திரும்பப் பூட்டி, அக்காவே ஓட்டிப் பார்த்தாள். பிரேக்கை உதைத்தே பார்த்தாள். வண்டி வெண்ணெயில் இறங்கின கத்திபோல மெத்தென்று நின்றது. சட்டங்கள் மூச்சுவிடவில்லை. எதிர்க்கடைக்கு நேராக நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தாள்.

"ஏன்க்கா நான்தான்னு சொன்ன?"

"உன்னை நான் என்ன வேணா சொல்லுவேன். சிரிக்கறதுக்கு அவன் யாரு?"

வயது நாற்பதைத் தாண்டிய ஆள், கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"இந்தப் பக்கம் திரும்பி அழுடா," என்றாள் அக்கா. "அங்கேருந்து பார்க்கறான்."