தாய்மாமன் முகத்தின் அளவு

அழகுராஜாவின் படத்தைத் திறந்தபோதெல்லாம் ஆரப்பாளையத்துப் பேனர் கடைக் கணினி செயலற்று நின்றது. நாளை அவருடைய அக்காள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முகமின்றிப் பேனர் கட்ட முடியாது.

கடைக்காரி இசைவாணி படக்கோப்பின் விவரங்களை ஆராய்ந்தாள். உள்ளே இருந்தது சின்னஞ்சிறு படம்தான்; ஆனால் கோப்பின் அளவுக்குறிப்பு, அகலம் லட்சக்கணக்கான புள்ளிகள் என்றது. மென்பொருள் அதை நம்பி, வராத முகத்துக்காக நினைவகம் முழுவதையும் வெண்துணியாய் விரித்துக்கொண்டிருந்தது. அத்துணி சமணர் மலையை மூடி, வயல்களின்மேல் மிதப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"அண்ணே, அளவை யாரு மாத்துனது?"

எதிரே நின்ற அழகுராஜா நெளிந்தார். "நாந்தான் தெரிஞ்ச பயகிட்ட மாத்தச் சொன்னேன். பிள்ளையோட சித்தப்பன்மாரவிட என் மொகம் பெருசா வரணும்ல?"

"இம்புட்டுப் பெருசுக்கு மதுரையில சுவரு இல்லண்ணே. சிரிங்க."

அவள் கைபேசியில் புதிதாய்ப் படமெடுத்து, அதைக் கணினியில் திறந்தாள். துணி மெல்லச் சுருண்டு, அந்தச் சிரிப்பின் அளவுக்கு வந்து நின்றது.